மாஜினியின் சபதத்தில் இல்லாத போப்

பாரதியின் 'மாஜினியின் சபதம்' படித்தால் இத்தாலிக்கு எதிரி அந்நியன் மட்டும்தான்னு தோணும். நாமும் அப்படியே வாசிச்சுப் பழகிட்டோம்: ஆஸ்திரியாக்காரன் இடத்தில் ஆங்கிலேயன், கணக்கு சரி.

ஆனால் போப் அந்நியன் இல்லை. நடு இத்தாலியில் வரி வாங்கி, படை வைத்து ஆண்ட ராஜா. (எங்கள் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவரை இத்தாலிக்காரர்னு சொல்றோம். அவர் பிறந்த 1680-ல் அப்படி ஒரு நாடே கிடையாது. அவரை ரோமோடு கட்டியது சபை.) ஒன்பதாம் பயஸ் 1848 நவம்பரில் ரோமை விட்டு ஓடினார். அடுத்த வருஷம் அங்கே குடியரசு. அதை நடத்திய மூவரில் மாஜினி ஒருவர். சில மாசம்தான். போப்பை மறுபடி உட்காரவைக்க அதைக் கவிழ்த்ததும் இன்னொரு குடியரசின் படை, பிரான்ஸ்! 1870-ல் பிரஷ்யாவோடு சண்டை வந்து பிரெஞ்சுப் படை கிளம்பின பிறகுதான் இத்தாலிக்கு ரோம் கிடைத்தது.

ஒரு சபதத்துக்குள் இவ்வளவையும் தேடலாமா? தேடத்தான் வேணும். அது கடவுள் மேல் ஆணையிட்டுத் தொடங்குது. 'கடவுளும் மக்களும்' என்பது மாஜினியின் கோஷம். நடுவில் போப் வேண்டாம் என்பது அதன் அரசியல். தமிழில் அந்தக் கடவுள் காப்புச் செய்யுள் மாதிரி கடந்து போயிடுறார். கவிதையின் கூர்மையான இடமே நமக்கு மழுங்கிப்போகுது. இரண்டு வரி அடிக்குறிப்பு போதும், அதைத் தீட்ட.