கூபர்நெட்டிஸ் இன்கிரெஸ்: ஒரு மதிப்பீடு

இன்கிரெஸ் என்பது கூபர்நெட்டிஸ் கிளஸ்டருக்கு வெளியிலிருந்து வரும் எச்டிடிபி கோரிக்கைகளை, உள்ளே இயங்கும் செயலிகளுக்குப் பிரித்து அனுப்பும் விதிகளை எழுதுவதற்கான முறை. 2015-ஆம் ஆண்டு கூபர்நெட்டிஸ் 1.1 பதிப்பில் பீட்டா நிலையில் அறிமுகமானது. 2020-ல் 1.19 பதிப்பில் நிலையான வடிவம் பெற்றது. ஒரே விதிக் கோப்பை எந்த கிளவுட் நிறுவனத்திலும் பயன்படுத்தலாம் என்ற எதிர்பார்ப்பை அது உருவாக்கியது. நடைமுறையில் அந்த எதிர்பார்ப்பு பாதியே நிறைவேறியது.

பின்னணி

கன்டெய்னர்கள் இயங்கும் பாடுகள் அடிக்கடி அழிந்து புதிதாக உருவாகின்றன, அவற்றின் ஐ.பி. முகவரிகளும் மாறுகின்றன. சர்வீஸ் என்ற அமைப்பு அவற்றுக்கு ஒரு நிலையான முகவரியைத் தருகிறது. சர்வீஸின் வகையை லோட்பேலன்சர் என்று குறித்தால், கிளவுட் நிறுவனம் வெளியே ஒரு லோட் பேலன்சரை உருவாக்கும். ஆனால் பத்துச் செயலிகளுக்கு இவ்வாறு செய்தால் பத்து லோட் பேலன்சர்கள்; ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஒரே லோட் பேலன்சரின் பின்னால் டொமைன் பெயரையும் பாதையையும் கொண்டு பல செயலிகளைப் பிரிக்க வழிசெய்ததே இன்கிரெஸின் முதன்மையான பங்களிப்பு.

குறைகள்

டொமைன், பாதை, டி.எல்.எஸ். சான்றிதழ் ஆகியவற்றுக்கு அப்பால் இன்கிரெஸ் வரையறை அதிகம் சொல்வதில்லை. காத்திருப்பு நேரம், நலச் சோதனை, திசைமாற்றம் போன்ற அன்றாடத் தேவைகளுக்கு அதில் இடமில்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு கன்ட்ரோலரும் தனக்கே உரிய அனொட்டேஷன்களால் நிரப்பியது. என்ஜின்எக்ஸ் கன்ட்ரோலருக்கு எழுதியவை அமேசானின் கன்ட்ரோலருக்குப் பொருந்தா. அனொட்டேஷன் பெயரில் எழுத்துப்பிழை நேர்ந்தாலும் கூபர்நெட்டிஸ் பிழை காட்டாமல் ஏற்றுக்கொள்ளும். அமைப்பு மட்டும் செயல்படாது.

மேலாண்மை செய்யப்பட்ட கிளஸ்டர் என்ற சொல்லும் புதியவர்களைத் தவறாக எண்ணவைக்கிறது. அதில் நிறுவனம் முதன்மையாகப் பொறுப்பேற்பது கட்டுப்பாட்டுத் தளத்துக்கே. கூகுளின் ஜி.கே.இ.யில் இன்கிரெஸ் கன்ட்ரோலர் உடன் வருகிறது. அமேசானின் இ.கே.எஸ்.ஸில், ஆட்டோ மோட் அல்லாத கிளஸ்டர்களில், பயனரே கன்ட்ரோலரை நிறுவி அதற்கான அனுமதிகளையும் வழங்க வேண்டும்.

கோரிக்கை செல்லும் வழியும் விதிக் கோப்பில் வெளிப்படையாகத் தெரிவதில்லை. இ.கே.எஸ்.ஸில் இன்ஸ்டன்ஸ் முறையைத் தேர்ந்தால் கோரிக்கை முதலில் ஒரு நோடின் போர்ட்டுக்கு வருகிறது. அந்தப் போர்ட் வழக்கமாக 30000 முதல் 32767 வரையான எண்களில் ஒன்று. அங்கிருந்து அது வேறொரு நோடில் உள்ள பாடுக்கும் தாவலாம். ஐ.பி. முறையில் நேராகப் பாடுக்கே செல்கிறது. புதிய பதிப்பை வெளியிடும்போது, நிறுத்தப்படும் பாடுக்கு லோட் பேலன்சர் சில நொடிகள் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருக்கக்கூடும். பாடு உடனே நின்றுவிட்டால் பயனருக்குக் கிடைப்பது 502 போன்ற பிழை. நிறுத்துவதற்கு முன் சற்றுக் காத்திருக்கும்படி பிரீஸ்டாப் அமைப்பை எழுதுவது இதைக் குறைக்கும். இன்கிரெஸ் கோப்பு முற்றிலும் சரியாக இருந்தும் இந்தப் பிழை நேர்வதுதான் கவனிக்க வேண்டியது.

மாற்று

2023 அக்டோபரில் கேட்வே ஏபிஐயின் 1.0 பதிப்பு வெளியானது. உள்கட்டமைப்புக் குழு கேட்வேயையும், செயலிக் குழு எச்டிடிபிரூட்டையும் தனித்தனியே நிர்வகிக்க அது இடமளிக்கிறது. கோரிக்கைகளை விகிதப்படி பிரிப்பது அனொட்டேஷன் இன்றி வரையறையிலேயே உள்ளது. ஆயினும் அதன் வசதிகள் அடிப்படை, விரிவு, செயலாக்கம் சார்ந்தவை என மூன்று நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. அடிப்படை நிலைக்கு அப்பால் கன்ட்ரோலர்களுக்கிடையே வேறுபாடு இருக்கலாம்.

மதிப்பீடு

கற்பதற்கு எளிது என்பதால் இன்கிரெஸ் பரவியது. எளிமைக்காக விட்டுவைத்தவை அனொட்டேஷன்களாகத் திரும்பி வந்தன. பரவலாகப் பயன்பட்ட இன்கிரெஸ் என்ஜின்எக்ஸ் கன்ட்ரோலரின் பராமரிப்பு 2026 மார்ச்சுடன் நிறுத்தப்படும் என 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் அனொட்டேஷன்களை நம்பியிருந்த அணிகள் அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. இன்கிரெஸ் வரையறை கூபர்நெட்டிஸில் தொடர்கிறது. ஆனால் புதிய வசதிகள் அதில் சேர்க்கப்படுவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கேட்வே ஏபிஐ பொருத்தமானது. எதைத் தேர்ந்தாலும், வரையறையோடு தாம் நிறுவும் கன்ட்ரோலரின் ஆவணத்தையும் சேர்த்துப் படிப்பது அவசியம்.