இறைப்புக் கணக்கு இல்லாத வரைபடங்கள்

கடலோர நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டுவது இன்று பொறியியல் கல்லூரிகளில் பெரிய மோகம். வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், நீரோட்டத்துக்கு மாட்ஃப்ளோ, உப்புநீர் கலந்தால் சீவாட். எல்லாம் இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் 2015 முதல் 2017 வரை நடந்த ஃப்ரீவாட் திட்டம் இவற்றை ஒரே திரைக்குள் கொண்டுவந்தது. அன்று முதல் ஒரு வாதம் வலுத்து வருகிறது: இனி எந்தக் கல்லூரியும் எந்த ஊராட்சியும் தன் நிலத்தடி நீரைத் தானே கணித்துக்கொள்ளலாம், கடலோர மீஞ்சூருக்குச் செய்ததை உள்நாட்டு நாமகிரிப்பேட்டைக்கும் செய்யலாம் என்று. இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் விலை போட்ட மென்பொருளைத் திருட்டு நகலில் ஓட்டும் இழிவு இதில் இல்லை. நிரல் திறந்து கிடக்கிறது, யாரும் சோதிக்கலாம். மணலும் வண்டலும் படிந்த மீஞ்சூர் போன்ற நிலத்துக்கு நீரோட்டம் பற்றி டார்சி 1856-இல் சொன்ன விதி நன்றாகவே பொருந்தும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழம் வரை உப்பைத் தடுத்து நிறுத்தும் என்பதை ஒரு மாணவி திரையில் கண்டு உணர்வது பெரிய விஷயம்தான். ஆனால் போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையிலுள்ள எங்கள் நாமகிரிப்பேட்டையில் தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது, மணலில் அல்ல. அந்த விதி இங்கே அப்படியே பொருந்தாது என்ற குறையைக்கூட இப்போதைக்கு விட்டுவிடலாம்.

விட முடியாத குறை ஒன்று உண்டு. எவ்வளவு இறைக்கிறோம் என்பது யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டில் 1990 முதல் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள். பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லை. நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-இல் வந்த சட்டமும் 2013-இல் ரத்தானது. அரசு மதிப்பீடு பிர்கா பிர்காவாகக் கிணறுகளை எண்ணி, கிணற்றுக்கு இவ்வளவு என்ற சராசரியால் பெருக்குகிறது. கணினி மாதிரி செய்பவர் அந்த எண்ணை எடுத்துக் கட்டங்களுக்குப் பங்கு பிரித்துப் போடுகிறார். இறைப்பு என்ற பத்தி நிரம்பிவிடுகிறது.

எங்கள் பக்கத்து மஞ்சள் காட்டில் வந்து பார்க்கட்டும். ஏட்டில் ஒரு கிணறு, ஒரு சர்வீஸ். நேரில் பார்த்தால் கிணற்றுக்குள் சைடு போர், வரப்போரம் ஆயிரம் அடி போர் இரண்டு. போரில் தண்ணீர் குறைந்ததால் கம்ப்ரசர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக் கிணற்றில் விடுகிறார்கள். த்ரீ பேஸ் வந்ததும் கிணற்று மோட்டார் அதை வயலுக்கு ஏற்றுகிறது. ஒன்பது மாதப் பயிருக்கு இப்படி எத்தனை லிட்டர் போனது? உழவருக்கே தெரியாது. திருச்செங்கோட்டு ரிக் மேஸ்திரியைக் கேட்டால், எத்தனாவது அடியில் வெடிப்பு, எத்தனை இஞ்ச் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். அவரிடம் போய்க் கேட்டு எழுதிய ஆய்வேடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

'காலிபரேஷன் செய்தோம், கணித்த நீர்மட்டமும் அளந்த நீர்மட்டமும் ஒத்துப்போகின்றன' என்பது மாதிரி செய்பவர்களின் பதில். ஒத்துப்போகும். மாறாத நிலையில் ஓட்டும் எளிய மாதிரி ஒன்றில் மழையால் ஊறுவது, இறைப்பது, மண்ணின் நீர் கடத்தும் திறன் மூன்றையும் ஒன்றாக இரட்டிப்பாக்கிப் பாருங்கள். நீர்மட்டம் இம்மி நகராது. ஆனால் 'இறைப்பில் இத்தனை லிட்டர் குறைத்தால் மட்டம் எவ்வளவு ஏறும்' என்று கேளுங்கள். இரண்டாவது மாதிரி முதல் மாதிரி சொன்னதில் பாதியைத்தான் சொல்லும். வரைபடம் ஒன்றுதான், அறிவுரை இரண்டு. எதை நம்பி ஓர் ஊர் தன் பயிரை மாற்றுவது? கடலோரத்தில் இது இன்னும் கொடுமை. அங்கே ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் மீளாது.

இது புதிதாகக் கண்டதல்ல. நிலத்தடி நீர் மாதிரிகளைச் சரியென்று நிரூபிக்கவே முடியாது என்று கானிகோவும் பிரெடஹூஃப்டும் 1992-இலேயே எழுதினார்கள். மாதிரிகளோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். நம் பயிலரங்குகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. மூன்று நாளில் நிறம் தீட்டிய வரைபடத்தோடு சான்றிதழ் தருகிறார்கள். இறைப்பு எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு பழைய அறிக்கையின் பெயர் பதிலாக வருகிறது. அந்த வரைபடத்தை நம்பி ஒரு போர்கூடப் போடக் கூடாது, ஒரு போரைக்கூட மூடவும் கூடாது.

இறைப்பை அளக்க மீட்டர் என்றால் உழவர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவு இன்னும் மறையவில்லை. ஆனால் மீட்டரை மோட்டாரில் வைக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் வைக்கலாம், யார் பெயருக்கும் பில் வராது. ஒரு யூனிட் மின்சாரம் நூறு மீட்டர் ஆழத்திலிருந்து, துளியும் வீணாகாமல் ஏற்றினாலும், சுமார் 3,670 லிட்டர்தான் ஏற்றும். நம் மோட்டார்களில் அதில் பாதி வந்தாலே அதிகம். யூனிட்டும் ஆழமும் மோட்டாரின் திறனும் தெரிந்தால் இறைப்பைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு பிர்காவில் பத்து டிரான்ஸ்ஃபார்மர்கள், ஒரு முழு மஞ்சள் பருவம். இந்த வேலையை ஒரு கல்லூரி முதலில் முடிக்கட்டும். அந்த எண் கையில் வந்த பிறகு கியூஜிஐஎஸ்ஸைத் திறக்கட்டும்.