தாழ்மையும் அருளும்: தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் ஒரு சொல்லாய்வு

கிறித்தவ வாழ்வில் பணிவு என்பது தனித்து நிற்கும் ஓர் ஒழுக்கமன்று. மனிதன் தன் தகுதியால் மீட்படைவதில்லை, இறைவனின் அருளாலேயே மீட்படைகிறான் என்னும் கொள்கையின் மறுபக்கமே அது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இவ்விரு கருத்துகளையும் 'காரிஸ்', 'தபெய்னோஸ்' என்னும் சொற்களும் அவற்றின் கிளைச்சொற்களும் தாங்கி நிற்கின்றன. முன்னது கொடுப்போனின் பரிவையும் கொடையையும் பெறுவோனின் நன்றியையும் ஒருங்கே குறிக்கும். பின்னது தாழ்ந்த நிலையையும் தாழ்ந்த மனத்தையும் குறிக்கும்.

தமிழில் இவை பெயர்க்கப்பட்ட முறை பற்றிய விவாதம் பெரும்பாலும் 'கிருபையா, அருளா' என்னும் வினாவோடு நின்றுவிடுகிறது. ஆயின் அருளைச் சார்ந்திருத்தல் என்னும் பொருளைத் தாங்குவது பெயர்ச்சொல் மட்டுமன்று. வேற்றுமையும் வினையும் அதனைத் தாங்குகின்றன. பணிவைக் குறிக்கும் சொற்களிலோ சமூக வரலாற்றின் சுமையும் ஏறியிருக்கிறது. சீர்திருத்தச் சபைகளில் பெருவழக்காக உள்ள 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் (ஹென்றி பவர் தலைமையில் அமைந்தது), கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு இதனைக் காணலாம்.

1. பெயர்ச்சொல்லின் வரலாறு

கிருபை வடசொல், அருள் தென்சொல். எனவே முன்னது அயன்மையும் பின்னது இயல்பும் உடையது என்பது பரவலான கருத்து. இது பாதி உண்மையே. கிறித்தவர் கையாளுவதற்கு முன்பே இரு சொற்களும் தமிழ்ச் சமயங்களில் ஆழ வேரூன்றியிருந்தன. காரணம் எதுவும் கருதாமல் இறைவன் காட்டும் 'நிர்ஹேதுக கிருபை' தென்கலை வைணவத்தின் மையக் கருத்து. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதையும் குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதையும் உவமையாக்கித் தென்கலையாரும் வடகலையாரும் வாதிட்டது, மனித முயற்சிக்கும் இறைக்கொடைக்கும் உள்ள உறவைப் பற்றியே. சைவத்திலோ, 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயன் தன் தலைப்பிலேயே அருளைத் தாங்கியிருக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் எச்சொல்லைத் தேர்ந்தாலும் ஏற்கனவே ஒரு சமய விவாதத்தைத் தாங்கிய சொல்லையே தேர்கிறார்.

பழைய கத்தோலிக்க வழக்கில் 'பிரியதத்தம்', 'இஷ்டப்பிரசாதம்' என்னும் தொடர்களும் இருந்தன. இவை கொடுப்போனின் மனநிலையை விடக் கொடுக்கப்பட்ட பொருளையே முன்னிறுத்துவன. கிருபை இதற்கு மாறாகக் கொடுப்போனின் இரக்கத்தை முன்னிறுத்துகிறது. அருள் இரண்டையும் ஓரளவு தழுவுகிறது. மேலும் அது பெயராகவும் வினையாகவும் நிற்கவல்லது. கிருபைக்குச் 'செய்', 'அளி', 'கூர்' போன்றதொரு துணை வேண்டும். 'அருளினார்' என்பதற்கு அது வேண்டா. கிருபை என்னும் பெயரையே வழங்கும் சபைகளிலும் 'கேட்டருளும்' என மன்றாடும்போது அருள் துணைவினையாக உள்ளே வந்துவிடுவது நோக்கத்தக்கது.

2. வேற்றுமையும் வினையும்

எபேசியர் 2:8 அருளைச் சார்ந்திருத்தலின் அடிப்படைக் கூற்றாகக் கருதப்படுவது. 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் இங்குக் கிருபையை மூன்றாம் வேற்றுமையில் நிறுத்தி, விசுவாசத்தைக் 'கொண்டு' என்னும் சொல்லுருபால் இணைத்து, 'இரட்சிக்கப்பட்டீர்கள்' என்னும் செயப்பாட்டு வினையால் முடிக்கிறது. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு வினைமுதல், கருவி ஆகிய இரண்டையும் பொருளாகக் கூறும். எனவே செயப்பாட்டுத் தொடரில் வரும் 'கிருபையினாலே' கருவியாக மட்டுமன்றி வினைமுதலாகவும் உணரப்படும். கிருபை தானே மீட்கிறது என்னும் உணர்வு தமிழ் அமைப்பிலேயே கிடைத்துவிடுகிறது. இது அத்திருப்புதலின் வலிமை.

'கொண்டு' அவ்வாறன்று. கத்தியைக் கொண்டு வெட்டினான் என்பதில் போல அது கருவிப்பொருளை மட்டுமே தரும். சொல்லுருபாக இறுகிவிட்டபோதிலும் 'கொள்' என்னும் வினையின் சாயல் அதை விட்டு நீங்கவில்லை. கையிற்கொள்ளும் ஒருவனை அது எதிர்நோக்குகிறது. இதனால் நம்பிக்கை மனிதன் கையிலுள்ள கருவி என்னும் எண்ணம் எழ இடமுண்டு. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'வழியாக' என்பதைக் கையாளுகிறது. வழி கையாளப்படுவதன்று, அதன்மீது ஒன்று வந்து சேர்கிறது. கிரேக்க முன்னிடைச்சொல்லின் பொருளுக்கும் இதுவே நெருக்கமானது. பழைய திருப்புதல் 'ஈவு' என்னும் சொல்லாலும் புதியது 'கொடை' என்பதாலும் அதே வசனத்தில் ஐயத்தைக் களைவதால், இதனைக் கோட்பாட்டுப் பிழை எனல் பொருந்தாது. எனினும் ஒரு சொல்லுருபு எவ்வளவு தொலைவு இழுத்துச் செல்லும் என்பதற்கு இது சான்றாகும்.

லூக்கா 1:28இல் வானதூதர் மரியாவை விளிக்கும் கிரேக்கச் சொல் செயப்பாட்டு எச்சம். அருள் செய்யப்பட்டவர் என்பது அதன் பொருள். இரு மொழிபெயர்ப்புகளும் இங்குப் 'பெறு' என்னும் வினையையே நாடுகின்றன. பட்டம் பெறுதலும் பரிசு பெறுதலும் தமிழில் ஒரே வினையால் கூறப்படுவதால், உழைத்து அடைந்ததா, வெறுமனே வந்ததா என்பது மறைந்துவிடுகிறது, கொடுத்தவரும் மறைகிறார். அருள் கிடைத்தது, அருள் வாய்த்தது என்பன போன்ற நான்காம் வேற்றுமைத் தொடர்களில் பெறுவோர் எழுவாயாக நிற்பதில்லை. 2 கொரிந்தியர் 12:9இல் 'போதும்' என்னும் வினையோடு நான்காம் வேற்றுமையை இரு மொழிபெயர்ப்புகளும் இணைத்துள்ள இடம் இவ்வகையில் சிறந்தது. அங்கே மனிதன் செய்வது எதுவுமில்லை. சார்ந்திருப்பது மட்டுமே உண்டு.

3. தாழ்மையும் தாழ்நிலையும்

பணிவைக் குறிக்கும் சொற்களில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 'தபெய்னோஸ்' கிறித்தவத்துக்கு முந்தைய கிரேக்க வழக்கில் பெரும்பாலும் இழிவுப்பொருளே தந்தது. அதனைப் பண்புச்சொல்லாக உயர்த்தியதில் புதிய ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. ஆயினும் நிலைப்பொருள் அங்கு மறையவில்லை.

லூக்கா 1:48இல் மரியா தம்மைப் பற்றிக் கூறுவது நிலையையே. தம் பணிவைத் தாமே புகழ்ந்துகொள்வது பணிவுக்கு மாறாகும். 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் அங்குத் 'தாழ்மை' என்கிறது. இக்காலத் தமிழில் தாழ்மை பெரும்பாலும் மனப்பண்பாகவே கொள்ளப்படுதலின், இறைவன் அவருடைய நற்பண்புக்குப் பரிசளித்தார் என்று படிப்போர் கருத நேரும். அருள் கூலியாகிவிடும். 1995ஆம் ஆண்டின் 'தாழ்நிலை' இக்குழப்பத்தை நீக்குகிறது. வானதூதர் விளியில் பழைய 'பெற்றவளே' புதியதில் 'பெற்றவரே' ஆனதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தம்மை அடிமை என்று கூறும் பெண்ணுக்கு வானகம் உயர்வுப்பன்மை வழங்கும் முரண் தமிழ் விகுதியால் மட்டுமே புலப்படுவது.

ஆனால் அதே சொல் 1 பேதுரு 5:5இல் இடறுகிறது. அங்குச் செருக்குற்றோருக்கு எதிராகத் 'தாழ்நிலையில் உள்ளவர்கள்' நிறுத்தப்படுகின்றனர். செருக்கு மனப்பண்பு, தாழ்நிலை சமூகநிலை, இணை ஒவ்வவில்லை. மேலும் 'காரிஸ்' அங்குக் 'கருணை' ஆகிறது. இதே மேற்கோள் வரும் யாக்கோபு 4:6இல் முற்பகுதி 'அருள்' என்றும் பிற்பகுதி 'கருணை' என்றும் அமைவதால், ஒரே கிரேக்கச் சொல்லால் கட்டப்பட்ட வாதம் தமிழில் அறுந்துபோகிறது. எனினும் புதிய மொழிபெயர்ப்புக்கு ஆதரவாகவும் ஒரு சான்று உண்டு. மேற்கோளின் மூலமாகிய நீதிமொழிகள் 3:34இன் எபிரேயப் பனுவலில் எழுதப்பட்ட வடிவம் எளியோரையும், படிக்கப்படும் வடிவம் பணிவுடையோரையும் குறிக்கின்றன. இருபொருண்மை மூலத்திலேயே இருக்கிறது.

4. பெங்களூரில் எழுந்த வினா

இச்சிக்கலின் வரலாற்றில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. 1910இல் அங்குத் தொடங்கப்பெற்ற ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக 1911 முதல் 1924 வரை பணியாற்றிய லார்சன் என்னும் டேனிய அறிஞர், பின்னர்த் தமிழ் விவிலியத் திருத்தப் பணியில் ஈடுபட்டார். அவருடைய திருத்திய பதிப்பு 1936இல் முழுமையாக வெளிவந்தும் சபைகளில் பழைய திருப்புதலின் இடத்தைப் பெறவில்லை. திருவிவிலியத்தின் வெளியீட்டில் பங்குகொண்ட இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது.

அதே இறையியல் கல்லூரியில் 1981இல் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, பின்னர்த் தலித் இறையியல் என வளர்ந்த சிந்தனையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அச்சிந்தனை எழுப்பும் வினா மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. பிறரால் தாழ்த்தப்பட்டவரிடம் 'தாழ்மையாய் இரு' என்று கூறினால் அது யாருடைய குரலாகக் கேட்கும்?

தமிழ் இலக்கணம் இதற்கு விடை தரும் ஆற்றல் உடையது. தாழ்ந்தான் என்பது தன்வினை. தாழ்த்தப்பட்டான் என்பது பிறர் செயலின் விளைவு. தன்னைத் தாழ்த்தினான் என்பது தானே விரும்பி மேற்கொண்டது. பிலிப்பியர் 2:8இல் கிறித்துவைப் பற்றிக் கூறப்படுவது மூன்றாவது வகை. உயர்ந்த நிலையில் இருந்தவர் தம்மைத் தாழ்த்தியதே அங்குப் பணிவின் முன்மாதிரி. 'தாழ்மை' என்னும் ஒரே பெயரில் இம்மூன்றும் கலந்துவிடும்போது, இறைவனைச் சார்ந்திருக்குமாறு விடுக்கும் அழைப்பு மனிதருக்கு அடங்கியிருக்குமாறு இடும் கட்டளையாக மாறிவிடக்கூடும்.

5. முடிவு

ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் விதி இங்கு முழுதும் பொருந்தாது. இடத்துக்கொரு சொல் என்னும் உரிமையும் வாதத்தைச் சிதைக்கிறது. நிலையைக் குறிக்குமிடத்துத் தாழ்நிலை, மனத்தைக் குறிக்குமிடத்து மனத்தாழ்மை அல்லது பணிவு, செயலைக் குறிக்குமிடத்துத் தன்னைத் தாழ்த்துதல் எனப் பிரித்துக் கையாளுவதும், அருளைக் குறிக்கும் சொல்லை ஒரு பத்திக்குள்ளேனும் மாற்றாதிருப்பதும் பயன் தரும். பெயர்ச்சொல் பற்றிய விவாதத்தில் கிருபையும் அருளும் சமநிலையில் நிற்கின்றன. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், தாழ்த்தியவர் யார் என்பவற்றை வேற்றுமையும் வினையும் தெளிவாகக் காட்டும்போதுதான் சார்ந்திருத்தலும் பணிவும் தம் பொருளை இழக்காமல் தமிழில் வந்து சேரும்.