பாசிசம்: வசையா, வரையறையா?

வீரபாண்டியில், முல்லையாற்றங்கரையில் நம்மோடு வாதிட்ட இளைஞர்கள், இந்திரா காந்தியைப் பாசிஸ்டு என்றனர். ஆராய்வோம், தோழர்களே!

1975 சூன் 25 இல் நெருக்கடி நிலை வந்தது. ஏடுகளுக்குத் தணிக்கை; எதிர்த்தோருக்கு மிசாச் சிறை. 1976 சனவரி 31 இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. கொடுமை அன்றோ? கொடுமையே!

ஆனால் முசோலினி? சீருடைக் குண்டர்படை துணைநிற்க 1922 இல் அரியணை ஏறினான். 1926 இல் பிற கட்சிகளை ஒழித்தான். தேர்தலில் தோற்றா இறங்கினான்? இந்திராவோ 1977 இல் தேர்தல் நடத்தினார், தோற்றார், விலகினார். எனவே எதேச்சாதிகாரம் என்போம், பாசிசம் என்னோம்.

அவரைக் காக்க அன்று, சொல்லைக் காக்கவே இது! ஓயாமல் புலி, புலி என்று கூவினால், உண்மைப் புலி வரும் நாளில் ஊர் எழுமா? பகுத்தறிவாளன் பகைவனையும் அளந்தே பழிப்பான்.