முடி கொட்டிய காரணம் கேட்கும் காப்பீடு

அமெரிக்காவில் புற்றுநோய்க்காக மார்பை அகற்றிக்கொண்ட பெண்ணுக்கு, அந்த அறுவைக்குப் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம் செயற்கை மார்பகத்துக்கும் தந்தாக வேண்டும். 1998இல் நாடு முழுவதற்கும் வந்த சட்டம் அது. அதே பெண்ணுக்குக் கீமோவில் தலைமுடி மொத்தமும் கொட்டிப்போனால், விக் வாங்கப் பணம் கிடைப்பது அவர் குடியிருக்கும் மாநிலத்தையும் வேலை பார்க்கும் நிறுவனத்தையும் பொறுத்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் செயற்கை மார்பகத்துக்குத் தருகிறது, விக்குக்குத் தருவதில்லை. நோய் பறித்த தோற்றத்தை மீட்பதும் சிகிச்சைதான் என்று ஒருமுறை ஒப்புக்கொண்ட நாடு, விக்கை மட்டும் அழகுச் சாதனம் என்று தள்ளுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சில மாநிலங்கள் இந்தக் குறையைத் தாமாகச் சரிசெய்யப் பார்த்தன. மாசசூசெட்ஸும் மேரிலாந்தும் புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு 350 டாலர் வரை தரச் சொல்கின்றன. இதைச் சிறிய தொகை என்று ஒதுக்கிவிடக் கூடாது. செயற்கை இழையில் செய்த நல்ல விக் ஒன்றை அதில் வாங்கலாம். ஆனால் திருமலையில் காணிக்கையாக இறக்கியது போன்ற உண்மையான முடியில் செய்தது வேண்டுமென்றால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும்.

தொகையைவிடப் பெரிய கோளாறு, நோயின் பெயரைக் கேட்டுத் தகுதி வகுப்பது. மின்னசோட்டாவின் சட்டம் நெடுங்காலம் புழுவெட்டுக்கு மட்டுமே பொருந்தியது. கீமோவில் முடி போனவருக்கு அதில் இடமில்லை. மாசசூசெட்ஸில் நேர்மாறு: புழுவெட்டால் தலை முழுக்க வழித்தது போலாகிவிட்ட சிறுமிக்கு அந்தச் சட்டம் எதுவும் செய்யாது. மின்னசோட்டா பிற்பாடு மற்ற நோய்களையும் சேர்த்து, வரம்பை 1,000 டாலராக உயர்த்தியது நல்ல திருத்தம். அதுவும் எல்லோரையும் எட்டாது. ஊழியரின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்கும் பெரிய நிறுவனங்களின் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்த முடியாதபடி 1974ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. வேலைவழிக் காப்பீடு பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள்.

திட்டத்தில் இடமிருந்தாலும் பணம் தானாக வந்துவிடாது. மருத்துவர் சீட்டில் ‘விக்’ என்று எழுதாமல் ‘கிரேனியல் பிராஸ்தசிஸ்’ (தலைக்கான செயற்கை உறுப்பு) என்று எழுத வேண்டும் என்பது நோயாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லும் முதல் பாடம். கூடவே நோய்க்கான குறியீடு, ஏ9282 என்ற பொருள் குறியீடு, கடையின் வரி எண் உள்ள ரசீது எல்லாம் வேண்டும். பெரும்பாலும் முழு விலையையும் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகுதான் க்ளெய்ம் போட முடியும். மறுத்தால் மேல்முறையீடு. இந்த வழி பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. நண்பர் யாரேனும் கேட்டால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றிக்கொண்டு, வாய்ப்புண்ணோடு சாப்பிட முடியாமல் படுத்திருப்பவர் இத்தனை தாளையும் சேர்க்க வேண்டும். கையில் காசும், கூட அலைய ஆளும் உள்ளவருக்கே இந்த உரிமை முழுதாய்க் கிடைக்கிறது.

காப்பீட்டுத் தரப்பின் அச்சம் ஒன்று உண்டு: இன்று விக், நாளை வழுக்கைக்கெல்லாம் பணமா? பரம்பரை வழுக்கையை மருத்துவரின் சீட்டே பிரித்துக் காட்டிவிடும். அமெரிக்க வருமான வரித்துறை இதை எப்போதோ தீர்த்துவிட்டது. நோயால் முடி முழுவதும் இழந்தவர், மனநலத்துக்காக மருத்துவர் சொல்லி வாங்கும் விக்கை அது மருத்துவச் செலவாக ஏற்கிறது. ஆனால் வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டும் மருத்துவச் செலவுக்குத்தான் வரிக் கழிவு. எளிய குடும்பங்களுக்கு அதனால் பெரிதாய் ஒன்றுமில்லை.

பிரான்ஸ் 2019 ஏப்ரலில் கொண்டுவந்த முறை எனக்கு மேலாகப் படுகிறது. அது விலையையும் சேர்த்துக் கட்டியது: முதல் வகை விக்குக்கு 350 யூரோ உச்சவரம்பு, அந்தத் தொகை முழுவதும் காப்பீட்டிலிருந்து. 700 யூரோ வரையான இரண்டாம் வகைக்கு 250 யூரோ. அதற்கு மேல் விலையுள்ளதை வாங்கினால் ஒன்றுமில்லை என்ற விதி கடுமையாகத்தான் இருந்தது. என்றாலும் குறைந்தபட்சம் ஒரு விக்காவது கைக்காசில்லாமல் கிடைக்கும் என்று நோயாளிக்கு முன்கூட்டியே தெரிந்தது.

மாசசூசெட்ஸ் உறுப்பினர்கள் ஜிம் மெக்கவர்னும், தமக்கே முடி முழுவதும் கொட்டிவிட்டதை 2020 ஜனவரியில் வெளியே சொன்ன அயானா பிரெஸ்லியும், மெடிகேர் விக்குக்குப் பணம் தர வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸில் மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேற வேண்டும். நிறைவேறினாலும் கடைவிலைக்கு ஒரு வரம்பு வைக்காவிட்டால், மெடிகேர் தரும் தொகைக்கும் கடைக்காரர் கேட்கும் தொகைக்கும் நடுவில் உள்ளதை நோயாளிதான் கட்ட வேண்டியிருக்கும்.