தாயனூருக்கு ஏன் முதல் தாம்பூலம்?

1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட கெஜட்டியர், செஞ்சி வட்டாரத்துச் சமணக் குடும்பம் ஒன்றின் மரியாதையைப் பதிவு செய்திருக்கிறது. தாயனூர் காங்கேய உடையாரின் வழிவந்தவர்களுக்கே விசேஷங்களில் முதல் தாம்பூலம். சித்தாமூர் சமண மடத்தின் மடாதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போதும் அவர்கள் பேச்சுக்குத் தனி எடை. காரணமாக ஒரு கதையும் அதில் இருக்கிறது. மூன்றாண்டு கழித்து எட்கர் தர்ஸ்டன் தம் சாதிகள் பற்றிய பெருந்தொகுப்பில் அதை எடுத்துப் போட்டார். பிறகு வந்த பலரும் அவரைப் பார்த்தே எழுதினார்கள். ஒரே வாய்மொழியின் எதிரொலிகளைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிக்கொண்டதுதான் இதில் நடந்த முதல் பிழை.

கதை இது. 1478-இல் செஞ்சியை ஆண்ட, கவரைச் சாதியைச் சேர்ந்த வேங்கடபதி, பிராமணரிடம் பெண் கேட்டான். சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று அவர்கள் நழுவினார்கள். சமணர் சம்மதிப்பதுபோல் நடித்தார்கள். மணநாளில் மன்னன் வந்து பார்த்தால் வீடு காலி; திண்ணைத் தூணில் ஒரு பெண் நாய் கட்டியிருந்தது. சமணர் தலைகளை வெட்டச் சொன்னான். சிலர் மாண்டார்கள், சிலர் ஓடினார்கள், பலர் பூணூலைக் கழற்றித் திருநீறு பூசிக்கொண்டார்கள். காங்கேய உடையார் உடையார்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஜமீன்தாரிடம் அடைக்கலமும் நிலமும் கிடைத்தன. வேலூரைச் சேர்ந்த வீரசேனாசாரியார் (திண்டிவனத்தை அடுத்த வேலூர், கோட்டை வேலூர் அல்ல) ஒரு கிணற்றில் சமணச் சடங்கு செய்கையில் பிடிபட்டார். மன்னனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்ததால் உயிர் பிழைத்தார். அவர் சிரவணபெளகுளாவுக்குப் போய்த் துறவியானார். காங்கேயர் அவரைத் தேடிப்போய் அழைத்துவந்து, ஊர் ஊராகச் சுற்றி, நீறு பூசியவர்களை மீண்டும் சமணத்துக்குத் திருப்பினார்.

இந்தக் கதையை எந்தத் தராசில் வைப்பது? அமெரிக்காவின் மார்மன் சமயத்துக் குடியேறிகளின் கதை கிட்டத்தட்ட இதே வார்ப்பு. 1838 அக்டோபர் 27 அன்று மிசௌரி ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது விரட்ட வேண்டும் என்று ஆணை போட்டார். 1846-இல் நாவூ நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள். 1847 ஜூலையில் அவர்கள் தலைவர் பிரிகாம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். அங்கேயும் முன்னோடிகளின் வழிவந்தவர்கள் என்ற பெருமை இன்றுவரை நிற்கிறது. ஆனால் அந்த ஆணையின் வாசகம் கையில் இருக்கிறது; 1976-இல் அதை மாநிலமே முறைப்படி ரத்து செய்தது. வண்டியோட்டியவர்களின் நாட்குறிப்புகளும் கிடைக்கின்றன. நம் கதைக்கு நாட்குறிப்பு கேட்பது அநியாயம். ஆனால் ஆண்டு, ஆட்சியாளன், ஆணை என்று கதை தானாக முன்வைக்கும் மூன்றையாவது சோதிக்கலாம்.

ஆண்டு நிற்கவில்லை. மெக்கன்சி சேகரித்த ஏடுகள் செஞ்சி நாயக்கர் ஆட்சியைத் துப்பாக்கி கிருஷ்ணப்பரிலிருந்து, அதாவது 1490 வாக்கிலிருந்து தொடங்குகின்றன. அந்தக் கணக்கும் ஐயத்துக்குரியது. நாயக்கர் ஆட்சி காலூன்றியது இன்னும் பின்னால் என்று கருத இடமுண்டு. எப்படிப் பார்த்தாலும் 1478-இல் செஞ்சியில் முடிசூடிய நாயக்கன் இல்லை. வேங்கடபதி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் 1586 முதல் 1614 வரை ஆண்ட விஜயநகரப் பேரரசர். பிற்கால நினைவு ஒன்று முற்கால ஆண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். ‘உடையார்பாளையம் ஜமீன்தார்’ என்பதும் கதையைச் சொன்னவர் காலத்துச் சொல்லே.

பெண் கேட்ட கதையும் இவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அரசன் பெண் கேட்டான், இரவோடு இரவாக ஊரைக் காலி செய்தோம் என்று சொல்லாத சாதி வரலாறு தமிழ்நாட்டில் குறைவு. கம்பளத்து நாயக்கர் கதையில் ஆற்றங்கரைப் புங்க மரங்கள் வளைந்து வழிவிடும். இங்கே திண்ணையில் நாய். கதையைக் கட்டியவருக்கு இது இடப்பெயர்ச்சியை விளக்கும் ஆயத்த அச்சு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கதை மதக் கொடுமையைப் பற்றியது என்று பெயர், ஆனால் அதன் முடிச்சு சாதிப் பெருமையில் விழுந்திருக்கிறது. மன்னன் கவரைச் சாதி என்பதால்தான் பெண் கொடுப்பது இழிவு. வம்பைக் கிளப்பிவிட்ட பிராமணருக்குக் கடைசிவரை ஒரு கீறலும் இல்லை. எந்தப் பெண்ணை முன்னிட்டு இத்தனையும் நடந்ததோ அவளுக்குப் பெயர் இல்லை. காங்கேயரின் மனைவியும் மக்களும் உடையார்பாளையத்துக்கு உடன் போனார்களா என்றுகூடக் கதை கேட்பதில்லை. குடும்பப் பெருமைக்கான கதையில் குடும்பமே இல்லை.

அப்படியானால் முழுக்கக் கட்டுக்கதையா? அந்த முடிவுக்கும் அவசரப்பட முடியாது. செஞ்சி நாயக்கர் ஒருவரின் கடுமைக்குக் கண்ணால் கண்ட சாட்சி உண்டு. 1597-இல் சிதம்பரத்தில் கோவிந்தராசர் சந்நிதித் திருப்பணியை எதிர்த்து அர்ச்சகர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிர் விட்டபோதும் கிருஷ்ணப்ப நாயக்கர் அசையவில்லை என்று ஏசுசபைப் பாதிரியார் பிமெந்தா எழுதியிருக்கிறார். எனவே செஞ்சி அதிகாரம் இன்னொரு சமயத்தாரை நசுக்கியிருக்கக்கூடும் என்பது வெறும் கற்பனையாகாது. ஆனால் நடந்திருக்கக்கூடியதும் நடந்ததும் ஒன்றல்ல. சிதம்பரத்துக்குப் பிமெந்தா இருக்கிறார். ‘எல்லாச் சமணரையும் வெட்டு’ என்ற ஆணைக்கு அப்படியொரு சமகாலச் சாட்சியைக் கதை சொல்வோர் எவரும் காட்டியதில்லை.

படுகொலையின் அளவை மறுக்கும் சாட்சி செஞ்சி வட்டாரத்துத் தொண்டூர்ப் பாறையிலேயே இருக்கிறது. அங்குள்ள குகைத்தளத்துக் கற்படுக்கைகளின் அருகே தமிழ் பிராமி எழுத்து உண்டு. ஐராவதம் மகாதேவன் அதைக் கிபி மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் வைக்கிறார். இளங்காயிபன் ஏவ, மோசி என்பவர் அமைத்தது, அகழூராரின் அறம் என்று அது சொல்கிறது. அந்த அகழூர்தான் பக்கத்து அகலூர். இன்றும் ஜினாலயமும் சமணக் குடும்பங்களும் உள்ள ஊர். சிங்கவரத்தை ஒட்டிய திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த செய்தியும் இருக்கின்றன. கோட்டையின் கண்ணெதிரே உள்ள குன்று அது. நாட்டையே துடைத்தெடுத்த வேட்டை என்றால் இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு தொடர்ச்சி எப்படி மிஞ்சும்? நடந்தது ஒரு தலைமுறையின் ஒடுங்கலாக, வெளி அடையாளத்தை மறைத்த காலமாக இருந்திருக்க வேண்டும். நீறுபூசி வைசியர் என்ற பெயர் கெஜட்டியர் காலம்வரை வழங்கியதும் அதற்கே பொருந்துகிறது. வெட்டுண்டவர்களை விடத் திருநீறு பூசிப் பிழைத்தவர்களே கதையில் உண்மைக்கு அருகில் நிற்கிறார்கள்.

அடுத்து, கதை யாருக்கு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மடாதிபதித் தேர்தலுக்குப் பிரதிநிதி அனுப்பும் ஊர்களாகச் சித்தாமூர், வீரணாமூர், விழுக்கம், பெரமண்டூர், ஆலகிராமம், வேலூர், தாயனூர் ஆகியவற்றை கெஜட்டியர் அடுக்குகிறது. கதை இவற்றில் இரண்டுக்குத்தான் பங்கு பிரிக்கிறது. வீரசேனர் கொண்டுவந்த பார்சுவநாதர் செப்புத் திருமேனி வேலூருக்கு, முதல் மரியாதை தாயனூருக்கு. மடத்தின் அதிகாரம் அன்று சில்லறையானதல்ல. மடாதிபதி பல்லக்கில் ஊர் ஊராகப் போய் வழக்குத் தீர்த்தார், அபராதம் போட்டார், சாதி விலக்கும் செய்தார். அப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுப்பதில் முன்வரிசை வேண்டுமானால் அதற்கு ஓர் ஆதாரக் கதை தேவை.

இதனால் காங்கேயர் பொய்யாகிவிடமாட்டார் என்பதுதான் என் வாதத்தின் முக்கியப் பகுதி. ஊர்களுக்கிடையே மரியாதைப் போட்டி எவ்வளவு கூர்மையானது என்பது கோயில் திருவிழா பார்த்த யாருக்கும் தெரியும். ஏழு ஊர்களில் ஒரு குடும்பம் தனக்குத்தானே முதல் தாம்பூலத்தை எழுதிக்கொள்ள மற்ற ஆறும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டா. பங்காளிகள் பார்த்துக்கொண்டிருக்க, தலைமுறைகளாக வாங்கிவந்த மரியாதை வலுவான சான்று. கதையை விட வழக்கமே நம்பத்தக்கது.

ஆகவே என் தீர்ப்பைப் பிரித்தே சொல்கிறேன். 1478 தள்ளுபடி. பெண் கேட்டதும் நாய் கட்டியதும் வரலாறு அல்ல, சாதிக் கதை அச்சு. பொதுப் படுகொலைக்குச் சான்று போதாது. அஞ்சி அடையாளம் மாற்றியது ஏற்கத்தக்கது. தாயனூரிலிருந்து ஒருவர் வெளியேறித் திரும்பினார், கன்னடத் துறவி மரபின் துணையோடு சிதறிய சமூகத்தை மீண்டும் கட்டினார் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் காங்கேயரைக் குடியேறிய முன்னோடி என்று புகழ்வது தவறு. பிரிகாம் யங் தமக்குப் புதியதான நிலத்துக்குப் போனார் (அங்கேயும் யூட், ஷோஷோனி மக்கள் முன்பே இருந்தார்கள்). காங்கேயர் திரும்பி வந்ததோ, தம் முன்னோர் கற்படுக்கை வெட்டி, ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த வட்டாரத்துக்கு.