சோகம், பியானோ, இரண்டு நிமிடம்: ஸ்டாக் இசை பற்றிச் சில குறிப்புகள்

1

மலக்குழி மரணங்கள் பற்றி நண்பர்கள் எடுத்த ஆவணப்படம் ஒன்றுக்கு நான் வர்ணனை எழுதிக்கொடுத்தேன். முதல் திரையிடலில், கணவனைப் பறிகொடுத்த பெண் பேசத் தொடங்கியதும் பின்னால் ஒரு பியானோ மெல்ல எழுந்தது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் தொண்டையை அடைத்தது. சில வாரம் கழித்து டிவியில் ஒரு வீட்டுக்கடன் விளம்பரம். அதே பியானோ, அதே இடத்தில் வந்து சேரும் அதே வயலின். அப்பா மகளைப் புதுவீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறார்.

எடிட்டரைக் கேட்டேன். "அது ஸ்டாக்ண்ணே. சோகம், நம்பிக்கை, பியானோ, ரெண்டு நிமிசம்னு தேடினேன், வந்துச்சு. காசு கட்டித்தான் எடுத்தேன்" என்றார். காசு கட்டியதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தேடல்தான் உறுத்தியது. அந்தப் பெண் பேசுவதைக் கேட்பதற்கு முன்பே அவருடைய துயரத்துக்கு நாம் பெயர் வைத்துவிட்டோம். அதுவும் ஒரு கம்பெனி வைத்திருந்த பட்டியலிலிருந்து.

2

ஸ்டாக் இசை என்பது ரெடிமேட் சட்டை மாதிரி. படம், விளம்பரம், யூடியூப், கார்ப்பரேட் வீடியோ என்று எதற்கும் பொருந்தும்படி முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்த இசை. வேண்டியவர் உரிமம் வாங்கிப் பயன்படுத்தலாம். இதில் பிழைக்கும் கீபோர்டு நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய புலம்பல் எப்போதும் ஒன்றுதான்: "மனசுல வர்றதப் போட்டா விக்க மாட்டேங்குது. விக்கிறதப் போட்டா அது நான் இல்ல." பாதி சந்தைக்கு, பாதி ஆத்மதிருப்திக்கு என்று பிரித்துக்கொள் என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் புத்திமதி.

இந்த எதிர்வையே நான் சந்தேகிக்கிறேன். உள்ளே மாசுபடாத ஒரு 'நான்', வெளியே அழுக்கான சந்தை என்ற பிரிப்பு, கலைஞன் பற்றிய பழைய ரொமாண்டிக் கதையாடல். சந்தைக்கு 'அசல்' மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. அசலும் அங்கே ஒரு குறிச்சொல்தான். 'அசல் இந்தியா' என்று தேடினால் சிதாரும் தபலாவும் வந்து நிற்கும். நண்பர் ஒருமுறை பறைக் குழு ஒன்றுக்கு முறையாகப் பணம் கொடுத்து, ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்தார். தளத்தில் ஏற்றப் போனால் பறைக்கு இடமில்லை. 'பழங்குடித் தாளம்', 'போர்க்காட்சி', 'சாகசம்' என்பவைதான் இருந்தன. அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். ஓரளவு விற்றது. இதில் அவர் எந்த இடத்தில் சமரசம் செய்தார்? வாசிப்பில் இல்லை, அடி அப்படியேதான் இருக்கிறது. பெயரிடுவதில்தான் தோற்றார்.

3

இது இணையம் கொண்டுவந்த வியாதி அல்ல. லண்டனில் டி வுல்ஃப் நிறுவனம் மௌனப்படங்களுக்கு இசைத்தாள் கொடுக்கத் தொடங்கியது 1909இல். பெர்லினில் கியூசெப்பே பெச்சே 1919 முதல் 'கினோதேக்' தொகுதிகளை வெளியிட்டார். 1924இல் நியூயார்க்கில் எர்னோ ராப்பே வெளியிட்ட தொகுப்பு 52 மனநிலைகளுக்கும் சூழல்களுக்குமான இசைத்துண்டுகளைக் கொண்டது. பக்க ஓரத்திலேயே பொருளடக்கம் அச்சாகியிருக்கும். திரையில் காட்சி மாறியதும் பியானோக்காரர் டக்கென்று பக்கத்தைப் புரட்டலாம். இன்றைய தேடல்பெட்டிக்கு இந்த ஓரப்பட்டிதான் பாட்டன்.

ஹான்ஸ் ஐஸ்லரும் அடோர்னோவும் சேர்ந்து எழுதிய திரையிசை பற்றிய நூல் 1947இல் ஐஸ்லர் பெயரில் மட்டும் வந்தது. ஐஸ்லர் அப்போது கம்யூனிஸ்ட் வேட்டையில் சிக்கியிருந்தார், 1948இல் அமெரிக்காவை விட்டே போக நேர்ந்தது. அந்த நூலில் ஸ்டாக் இசையைத் தனியாக எடுத்துத் தாக்குகிறார்கள். நிலாக் காட்சி என்றால் பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவை எடுத்துப் போடுகிற பழக்கத்தைக் கேலி செய்கிறார்கள். தலைப்பைப் பார்த்து இசையைப் பொருத்துவது அன்றே கேலிப்பொருள். 1941இல் அடோர்னோ ஜனரஞ்சக இசை பற்றி எழுதியபோது தரப்படுத்தல், போலித் தனித்தன்மை என்று இரண்டு கருத்தாக்கங்களைப் பயன்படுத்தினார். அச்சு ஒன்றுதான், மேலே ஒரு சின்னச் சுழிப்பு, அதைத் தனித்தன்மை என்று நம்பவைப்பது. ஸ்டாக் இசைக்காரருக்கு 'உன் பாணியைச் சேர்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தச் சுழிப்பைத்தான்.

அடோர்னோவிடம் எனக்கு முரண்பாடும் உண்டு. சந்தை இசை கேட்பவர்களையெல்லாம் ஏமாளிகளாக்குகிற மேட்டிமைத்தனம் அவரிடம் இருக்கிறது. ரொமெரோவின் 'டான் ஆஃப் தி டெட்' படத்தில் (1978) டி வுல்ஃப் நூலக இசை வரும். ஷாப்பிங் மாலில் பிணங்கள் அலைகிற காட்சிகளோடு அந்த ரெடிமேட் குதூகலம் சேரும்போது அது நுகர்வைப் பார்த்துச் சிரிக்கிறது. அச்சில் வார்த்த இசையையும் எதிர்த்திசையில் திருப்ப முடியும். ஆக, பிரச்சினை ஸ்டாக்காக இருப்பது மட்டுமல்ல.

4

வேறென்ன? உரிமை. 'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வாங்குபவர் ஒருமுறை கட்டிவிட்டு, பயன்படுத்துகிற ஒவ்வொரு முறையும் ராயல்டி தராமல் இருக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம். 2009இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய எபிடெமிக் சவுண்ட், இசையமைப்பாளரிடம் முன்பணம் கொடுத்து உரிமையை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் முறையில் வளர்ந்தது. ஸ்பாட்டிஃபை, ஸ்டாக் நிறுவனங்களிடமிருந்து மலிவாகக் கிடைக்கும் இசையால் தன் மனநிலைப் பட்டியல்களை நிரப்பியதைப் பத்திரிகையாளர் லிஸ் பெல்லி 2025இல் வெளிவந்த தன் நூலில் விவரிக்கிறார். 'ஆழ்ந்த உறக்கம்', 'படிக்கும்போது' மாதிரியான பட்டியலில் யார் வாசித்தது என்று எவர் கேட்கப்போகிறார்?

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம், திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறும் படைப்புக்காகப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று ஆக்கியது. வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை எழுதித்தரலாம். பெரிய வெற்றி. ஆனால் நண்பர் 'சம்மதம்' என்று அழுத்திய ஒப்பந்தம் வேறொரு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. முப்பது பக்கம். "படிச்சியா?" என்றேன். "யாரு படிப்பா?" என்றார்.

5

இப்போது எந்திரம் வந்துவிட்டது. சுனோ, யூடியோ போன்றவற்றில் 'சோகம், பியானோ' என்று எழுதினால் பாட்டே வந்துவிடுகிறது. தங்கள் பதிவுகளை அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுத்ததாகப் பெரிய இசைக் கம்பெனிகள் 2024 ஜூனில் வழக்குப் போட்டன. 2025இல் சில கம்பெனிகள் சமரசமாகி உரிம ஒப்பந்தத்துக்குப் போயின. முதலாளிகளுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். நான் கவனிப்பது வேறு. எந்திரத்துக்கு நாம் கொடுப்பது அதே குறிச்சொல். குறிச்சொல்லுக்காக மட்டும் இசை செய்து பழகியவரின் வேலையைத்தான் அது முதலில் பறிக்கும். 'சந்தை கேட்பதைக் கொடு' என்ற புத்திமதி, சந்தைக் கணக்கிலேயே தோற்றுவிட்டது.

6

குறிச்சொல் நமக்குப் புதிதா என்ன? பறையைச் சாவுக்கு என்று பட்டியலிட்டு, அதை அடிக்க இந்தச் சாதி என்று ஒப்பந்தமில்லாமலே எழுதிவைத்த சமூகம் இது. 1990களில் தலித் கலைவிழாக்களில் பறை மேடையேறியபோது நடந்தது தாளமாற்றம் மட்டுமல்ல. அடிப்பவர்களே பெயரை மாற்றி எழுதினார்கள், சாவுமேளத்தை விடுதலைக் கருவியாக்கினார்கள். நண்பரிடம் நான் சொன்னதும் இதைத்தான். உன் இசை அசலா, விற்பனையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அதற்கு யார் பெயர் வைக்கிறான், உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேள். தனியாளாகக் கேட்டால் பதில் வராது. சங்கமாகக் கேட்க வேண்டும்.

அவருக்குச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' (1955) நாஜி வதைமுகாம்கள் பற்றியது. அதற்கு இசை ஐஸ்லர். காட்சி கொடூரமாக ஆக ஆக இசை மென்மையாகிறது. நமக்குப் பதிலாக அது அழுவதில்லை. எங்கள் படத்தில் பியானோ அழுததால்தான் நாங்கள் சீக்கிரம் அழுது முடித்தோம்.

பேசி, பியானோவை எடுத்துவிட்டோம். இப்போது அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தமும் அவருடைய குரலும் மட்டும். இரண்டாவது திரையிடலில் 'இழுவை' என்று சிலர் சொன்னார்கள். அழுதவர்கள் குறைவு. மலக்குழிச் சாவுக்கு 30 லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னதே, இந்த அம்மாவுக்கு வந்ததா, காண்ட்ராக்டர் மேல் வழக்கு என்னாச்சு என்று ஒருவர் எழுந்து கேட்டார். முதல் திரையிடலில் அப்படி யாரும் கேட்கவில்லை.

அடுத்த படத்துக்கு நண்பரே இசை செய்கிறார். வசூலித்த பணத்தில் ஒரு பங்கு அவருக்கு, உரிமை அவரிடமே. ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம், தமிழில். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.